மலையில் இடம் வாங்க முன்பணம் தருமுன்: ஏஜெண்ட், படிவம், ஒப்பந்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து வீடு, இடம் வாங்கவும் விற்கவும் உதவி வருகிறேன். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு செய்த ஏஜெண்ட். மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க வருபவர்கள் 'அப்படியே ஒரு பத்து சென்ட் பார்த்துட்டுப் போவோம்' என்று உள்ளே வருவார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"படிவம் படிவம்னு சொல்றீங்களே, அது என்ன? ஒப்பந்தம்னா முத்திரைத்தாள்ல நாமளே எழுதிக்கறதுதானே?"

நம் ஊர் வழக்கம் அதுதான். ஆனால் 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் 'ரெரா', ஒரு வகை விற்பனைக்கு மட்டும் இதை மாற்றிவிட்டது. தமிழ்நாடு இதற்கான விதிகளை 2017 ஜூனில் கொண்டுவந்தது. அந்த விதிகளோடு கிரய ஒப்பந்தத்துக்கான மாதிரிப் படிவமும் வந்தது. பதிவு செய்த திட்டத்தில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்கும் புரொமோட்டர், அதாவது மனை பிரித்தோ கட்டடம் கட்டியோ விற்பவர், அந்த மாதிரியை ஒட்டித்தான் உங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள முடியாது.

இதில் முக்கியமான சொல் 'புரொமோட்டர்'. தனி ஆள் தன் பழைய வீட்டை விற்கும்போது இந்தப் படிவம் பொருந்தாது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

"அந்தப் படிவத்துல அப்படி என்னதான் இருக்கு?"

திட்டத்தின் பதிவு எண், நிலத்தின் உரிமை விவரம், அனுமதி எண்கள், வீடானால் சுவருக்குள் நடக்கக்கூடிய உண்மையான பரப்பு, மொத்த விலை, எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதியில் ஒப்படைப்பார்கள், தாமதமானால் என்ன வட்டி, இவையெல்லாம் இருக்கும். முன்பெல்லாம் நீங்கள் தவணை தவறினால் பெரிய வட்டி, அவர்கள் தாமதித்தால் சதுர அடிக்கு ஏதோ சில்லறை என்றுதான் எழுதுவார்கள். இப்போது சட்டப்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டி.

இன்னொன்று, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் புரொமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்கள் பக்கம் இது வெறும் சம்பிரதாய வரி கிடையாது. ஏப்ரலில் பார்க்கும்போது தடுப்புச் சுவர் கோட்டை மாதிரி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு தாண்டினால்தான் அதன் யோக்கியதை தெரியும். 2009 நவம்பரில் ஒரே மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த ஷரத்தை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

"புரோக்கருக்கெல்லாம் லைசென்ஸ் உண்டா? டீக்கடையில உட்கார்ந்திருக்கறவர்கிட்ட எல்லாம் இருக்குமா?"

ரெராவில் பதிவான திட்டத்தில் புரொமோட்டர் விற்கும் இடத்தையோ வீட்டையோ காட்டி, பேசி, முடித்துக் கொடுக்கிறவருக்குப் பதிவு கட்டாயம். ஆணையம் ஓர் எண் கொடுக்கும். அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள். எண்ணை வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் உள்ள ஏஜெண்ட் பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பதிவில்லாமல் இந்த வேலையைச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சம்பந்தப்பட்ட சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகலாம். டீக்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும் பழைய வீட்டைக் காட்டுவதற்கு இந்தச் சட்டத்தில் பதிவு கேட்கப்படவில்லை. அதனால் அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. சில சமயம் எங்களைவிட அவருக்குத்தான் எந்த இடத்தில் ஊற்று வற்றும் என்று தெரியும்.

"பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க ஏஜெண்டே படிவத்தை நிரப்பி முடிச்சுடறாராம். நீங்க ஏன் வக்கீல்கிட்ட போங்கன்னு அலைய விடறீங்க?"

உங்கள் பையன் சொல்வது சரி. டெக்சாஸில் ரியல் எஸ்டேட் ஆணையம் வெளியிட்ட ஒப்பந்தப் படிவங்கள் உண்டு. உரிமம் பெற்ற ஏஜெண்ட், சில விதிவிலக்குகள் தவிர, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆறு வழக்கறிஞர்கள், ஆறு தரகர்கள், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என 13 பேர் குழு அவற்றைத் தயாரிக்கிறது. ஏஜெண்டுக்கு உள்ள உரிமை, காலி இடங்களில் விலை, தேதி போன்ற விவரங்களை நிரப்புவது மட்டும். சட்ட ஷரத்து ஒன்றைச் சொந்தமாக எழுதிச் சேர்த்தால் அது வழக்கறிஞர் தொழிலைத் திருட்டுத்தனமாகச் செய்ததாக ஆகிவிடும். கொலராடோவிலும் இந்தச் சண்டை நடந்தது. தரகர்கள் படிவம் நிரப்பலாமா என்று வழக்கறிஞர் சங்கம் வழக்குக்குப் போக, தனிக் கட்டணம் வாங்காமல் நிரப்பலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்புச் சொன்னது.

இங்கே கதை வேறு. நம் படிவம் புரொமோட்டரைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஏஜெண்டைக் கட்டுப்படுத்துகிறது. பழைய வீட்டு விற்பனைக்கும் அங்கே ஆணையத்தின் படிவம் இருக்கிறது, இங்கே இல்லை. இல்லாத இடத்தில் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? அதை உரிமம் பெற்ற ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ எழுதட்டும். நான் எழுதினால் என் கமிஷன் சீக்கிரம் வரும்படிதான் எழுதுவேன். மனிதன்தானே.

"படிவம் எல்லாம் அப்புறம் வரும், முதல்ல டோக்கன் அட்வான்ஸ் போடுங்கன்னு சொல்றாங்க. போடலாமா?"

பதிவான திட்டமானால், எழுத்து ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவும் செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க புரொமோட்டருக்கு உரிமை இல்லை. முன்பணம், விண்ணப்பக் கட்டணம், டோக்கன் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அந்தப் பத்துக்குள்தான். பணம் கட்டும் நேரத்தில் உங்களுக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் கைக்கு வந்தனவா என்று பார்ப்பது ஏஜெண்டின் சட்டக் கடமை. 'சென்னை ஆபீஸ்ல இருந்து அனுப்புவாங்க' என்பது பதில் ஆகாது.

தனியார் விற்பனையில் இந்தப் பத்து சதவீத வரம்பு இல்லை. என் பழக்கம், தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்கும் வரை நூறு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது. அப்புறம் தரும் தொகையும் வங்கி வழியாகத்தான். சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு வருமான வரிச் சட்டத்தில் அதே அளவு தண்டம் உண்டு. இதைச் சொன்னதும் 'ரொக்கம்தான் வேணும்' என்று பிடிவாதம் பிடிக்கும் விற்பவர்கள் பலர் இறங்கி வருவார்கள்.

"நான் வாங்கறது கோத்தகிரியில பழைய பங்களா. அப்ப எனக்கு எந்தப் படிவமும் இல்லையா?"

இல்லை. நீங்களும் விற்பவரும் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் உங்கள் படிவம். கடைகளில் கிடைக்கும் அச்சடித்த ஒப்பந்தம் சமவெளிக்காக எழுதியது. அதில் நான்கு எல்லை, விலை, கெடு, பாக்கித் தொகை எல்லாம் இருக்கும். மலைக்கு வேண்டியவை இருக்காது. அதனால் கீழே சொல்பவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லி ஆவண எழுத்தரிடம் அனுப்புகிறேன்.

முதலில் வழி. பத்து வருடங்களுக்கு முன் கோயம்புத்தூர்த் தம்பதி ஒருவருக்கு ஓர் இடம் முடித்துக் கொடுத்தேன். ஜீப் போகும் அளவு பாதை, தேயிலைக்கு நடுவே. ஒப்பந்தத்திலும் கிரயத்திலும் 'வழிநடைப் பாத்தியம் உட்பட' என்று ஒரே வரி. பாதை யாருடைய சர்வே எண்ணில் போகிறது, எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா என்று எதுவும் எழுதவில்லை. கீழ்த் தோட்டம் கை மாறியது. புதியவர் கேட் போட்டார், நடந்து போங்கள் என்றார். அந்தம்மா என்னிடம் கோபப்படவில்லை, 'நீங்க பார்த்துப்பீங்கன்னு நினைச்சோம்' என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பாதையைப் புல வரைபடத்தில் சிவப்பு மசியால் குறித்து ஒப்பந்தத்தோடு இணைக்காமல் விடுவதில்லை.

அடுத்து தண்ணீர். மேலே யாரோ ஒருவர் நிலத்திலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வரும். அது உரிமையா, இரக்கமா? உரிமையென்றால் எழுத்தில் வர வேண்டும். மூன்றாவது மரம். சில்வர் ஓக் நிற்பதைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், நிலம் உங்களுடையதே ஆனாலும். நான்காவது, கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்: தேயிலைச் செடி இருந்தால், ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையில் பச்சைத் தேயிலையை யார் பறிப்பது? மூன்று மாதக் கெடு என்றால் நாலைந்து பறிப்பு வரும். இதற்காக அடிதடி வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

"இந்த ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணுமா? நோட்டரி கையெழுத்து போதும்னு சொல்றாங்களே?"

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே இடத்தை இன்னொருவருக்கு விற்க முயன்றால், வில்லங்கம் போட்டுப் பார்க்கிற யாருக்கும் உங்கள் பெயர் தெரியும். நோட்டரி முத்திரை இதைச் செய்யாது.

இங்கே சிலர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், பதிவு செய்யாத கிரய ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உண்மை. வழக்குக்குப் போனபின் அது உங்களுக்கு உதவும். வழக்கே வராமல் இருக்க உதவாது.

"அச்சடிச்ச படிவத்தை நீட்டி, இதுல ஒரு வரிகூட மாத்த முடியாது, ரெரா படிவம்ங்கறாங்க. அப்படியா?"

படிவத்தின் மையம் மாறாது என்பது சரி. ஆனால் நீட்டியது அந்தப் படிவம்தானா? விதிகளோடு வந்த மாதிரியை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நான் பார்த்த வரையில் சிக்கல் நடுவில் இருப்பதில்லை. கடைசியில், 'கூடுதல் ஷரத்துகள்' என்ற தலைப்பில், சின்ன எழுத்தில் இருக்கும். பராமரிப்புக் கட்டணம் அவர்கள் சொல்வதே, மறுவிற்பனைக்கு அவர்கள் சம்மதம் வேண்டும், 'இயற்கைக் காரணத்தால்' தாமதம் ஆனால் பொறுப்பில்லை என்றெல்லாம். மலையில் மழை பெய்வதெல்லாம் இயற்கைக் காரணமென்றால் இங்கே எந்த வீடும் நேரத்துக்கு முடியாது. சட்டத்துக்கோ மாதிரிக்கோ முரணாகச் சேர்க்கும் ஷரத்து செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும், அதனால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாவிட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

"இது சின்ன லேஅவுட் சார், ரெராவே வேண்டாம்னு ஏஜெண்ட் சொல்றார். உண்மையா?"

மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தால், அல்லது எட்டு வீடுகளுக்குள் இருந்தால், பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்றால் எங்கள் கணக்கில் பன்னிரண்டு சென்டும் கொஞ்சமும். இது உங்கள் மனையின் அளவு அல்ல, திட்டத்தின் எல்லாக் கட்டங்களும் சேர்ந்த அளவு. ஒரே சரிவில் மூன்று ஏக்கரைப் பத்துப் பத்து சென்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித் திட்டம் என்று காட்டும் ஆட்கள் உண்டு. பொதுப் பாதை ஒன்று, போர்டு ஒன்று, விற்பவர் ஒருவர் என்றால் அது ஒரே திட்டம்தான்.

ரெரா வேண்டாம் என்பதால் மனை அங்கீகாரமும் வேண்டாம் என்று ஆகிவிடாது. 2016 அக்டோபர் 20 முதல், அங்கீகாரமில்லாத மனையை வீட்டு மனையாகச் சார்பதிவாளர் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு.

"தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல வில்லா பிளாட். ரிசார்ட்டும் கட்டலாம், அனுமதி எல்லாம் பார்த்துக்கலாம்னு சொல்றார். நம்பலாமா?"

'பார்த்துக்கலாம்' என்ற சொல் எந்தப் படிவத்திலும் இல்லை. நீலகிரி, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் இருக்கிறது. வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை எனப் பல இடங்களில் தடையின்மைச் சான்று தேவைப்படும். கட்டடம் 7 மீட்டர் உயரம் தாண்டக் கூடாது. மண் வெட்ட ஜே.சி.பி. இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மசினகுடி, சீகூர் பக்கமானால் யானை வழித்தடம். அதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்துவிட்டது. அங்கே ரிசார்ட் கனவோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு யானையைவிட அவர்கள் மேல்தான் பரிதாபம் வரும்.

ஏஜெண்டை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். 'ரிசார்ட் கட்டலாம்' என்று சொன்னதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாத அனுமதி இருப்பதாக வாயால் சொன்னாலும் அது சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைதான், ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். எழுதச் சொன்னதும் பலருக்குப் பேனா எழுதாது. தனியார் விற்பனையானால், குறிப்பிட்ட அனுமதி குறிப்பிட்ட தேதிக்குள் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

"கூடலூர் பக்கம் பாதி விலைக்குக் கிடைக்குது. பட்டா மட்டும் இல்ல, ஒப்பந்தம் பக்காவா போட்டுக்கலாமாம்."

வேண்டாம். கூடலூர், பந்தலூரில் ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969இன் கீழ் தீராமல் கிடக்கும் நிலங்கள் நிறைய. பல தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே உரிமை கிடைக்கவில்லை. அவர்கள் நியாயம் வேறு, நீங்கள் புதிதாகப் போய் வாங்குவது வேறு. விற்பவருக்கு இல்லாத உரிமையை எவ்வளவு பக்காவான ஒப்பந்தமும் உங்களுக்குத் தராது. அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம், நிபந்தனைப் பட்டா இவற்றுக்கும் இதே பதில்.

"ஓனர் வெளிநாட்டுல இருக்கார், பவர் வெச்சிருக்கறவர் கையெழுத்து போடறார். செல்லுமா?"

பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்திட உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து ஆகவில்லையா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பவர் ஏஜெண்ட் உரிமையாளர் சார்பில் ஒப்பந்தமும் கிரயமும் போடலாம். நான் கூடுதலாக, உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் பேசாமல் முன்பணம் போட விடுவதில்லை. பணமும் உரிமையாளர் கணக்குக்கே போக வேண்டும்.

செல்லாதது வேறொன்று: 'கிரயம் வேண்டாம், உங்க பேர்ல பவரும் ஒப்பந்தமும் போட்டுத் தர்றோம், முத்திரைத் தீர்வை மிச்சம்' என்பது. பவரால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

"கமிஷன் எவ்வளவு? அதையும் எழுதிக்கணுமா?"

ரெரா சட்டம் கமிஷனுக்கு விகிதம் வைக்கவில்லை. எங்கள் பக்கம் ஒவ்வொரு தரப்பிடமும் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று பேசிக்கொள்வது வழக்கம். எவ்வளவு, எப்போது, கிரயம் நடக்காவிட்டால் திரும்புமா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்றும் கேளுங்கள். நான் பெரும்பாலும் வாங்குகிறேன், கேட்பவரிடம் மறைத்ததில்லை.

"ஏஜெண்ட் சொன்னது எல்லாம் பொய்னு இப்பத்தான் தெரியுது. ஒப்பந்தம் புரொமோட்டரோட, பணமும் அவர்கிட்ட. ஏஜெண்ட் மேல புகார் பண்ண முடியுமா?"

முடியும். ரெரா ஆணையத்தில் புரொமோட்டர் மேல் மட்டுமல்ல, ஏஜெண்ட் மேலும் புகார் கொடுக்கலாம். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்திருந்தால், திட்டத்திலிருந்து விலகி வட்டியோடும் இழப்பீட்டோடும் பணத்தைத் திரும்பக் கேட்க சட்டம் வழி வைத்திருக்கிறது. அது புரொமோட்டரிடம். ஏஜெண்டுக்கு, மூன்றாவது கேள்வியில் சொன்ன அபராதம் இந்தக் கடமை மீறலுக்கும் பொருந்தும், பதிவு ரத்தாகவும் வாய்ப்புண்டு. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, படம், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் வாங்கியது தனியாரிடம் என்றால் ரெரா உதவாது. உரிமையியல் நீதிமன்றம், ஏமாற்று என்றால் காவல்துறை. அங்கே போகும்போது முதலில் கேட்பது அந்த ஒப்பந்தத்தைத்தான், அதில் பாதை, தண்ணீர், அனுமதித் தேதி எல்லாம் எழுதியிருந்ததா என்று.